கடல் மட்டத்துக்கு மேலே

பூனாவின் வாகட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு மஞ்சள் பலகை மாட்டியிருக்கிறேன். ரயில் நிலையப் பெயர்ப்பலகையேதான். வருகிறவர்களெல்லாம், "இது எந்த ஸ்டேஷன்?" என்று கேட்பார்கள். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. சொல்லப்போனால் அந்த ஊரே இப்போது கிடையாது.

அப்பா ரயில்வேயில் பெயின்டர். தொண்ணூறுகளின் கடைசியில், பூனாவில் படித்துக்கொண்டிருந்த ஒரு பாலஸ்தீன மாணவர் அவரைத் தேடி எங்கள் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். இடித்து அழிக்கப்பட்ட தங்கள் ஊர்களின் பெயர்களை எழுதி, மாணவர்கள் சிலர் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். இவருக்குத் தன் அம்மா பிறந்த ஊர் நம் ஸ்டேஷன் போர்டு போலவே வேண்டும். "சாச்சா, உங்கள் நாட்டில் எவ்வளவு சின்ன ஊருக்கும் பலகை இருக்கிறது" என்றார் இந்தியில். அம்மா அகதி முகாமில் நோயாகக் கிடந்தார். அவர் கண்மூடுவதற்குள் பலகையின் புகைப்படமாவது அவர் கைக்குப் போக வேண்டும் என்பதுதான் பிள்ளையின் தவிப்பு.

அரபு எழுத்தை மாணவரே சாக்பீஸால் வரைய, அப்பா அதன்மேல் பெயின்ட் ஓட்டினார். கீழே இந்தியும் ஆங்கிலமும் எழுதிவிட்டு, "கடல் மட்டத்துக்கு மேலே எத்தனை மீட்டர்?" என்று கேட்டார். மாணவர் விழித்தார். அப்பா லேசில் விடுகிற ஆளா? "உயரம் போடாத போர்டு என்ன போர்டுலா?" என்று எங்களிடம் திருநெல்வேலித் தமிழில் முணுமுணுத்தார். மாணவர் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போய் அம்மாவிடம் கேட்டுவிட்டு, வாடிய முகத்தோடு திரும்பினார். மீட்டர் கணக்கெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் தங்கள் வீட்டு மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று மட்டும் சொன்னாராம்.

அப்பா வெகுநேரம் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, உயரம் எழுத வேண்டிய இடத்தில், "மாடியில் நின்றால் கடல் தெரியும்" என்று தமிழில் எழுதினார். ஏன் தமிழில் என்று என் அம்மா கேட்டாள். "மனசுல பட்டதை எழுதணும்னா கைக்குத் தமிழ்தான் வருது" என்றார். அர்த்தம் சொன்னதும் மாணவர், ஈரம் காயாத அந்தப் பலகை முன் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

கண்காட்சியில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். மாணவர் அங்கேயே பலகையைப் படம் எடுத்துத் தன் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பினார். தனக்கு நிலையான விலாசம் இல்லாததால் அனுப்புநர் இடத்தில் எங்கள் முகவரியைப் போட்டிருந்தார். படிப்பு முடிந்ததும் பலகையை அப்பாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். அவர் போய் இரண்டு மாதம் கழித்து அந்த உறை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. அந்த அம்மா பார்க்கவேயில்லை. அடப்பாவமே, அதை அவரிடம் சொல்லக்கூட எங்களிடம் ஒரு விலாசம் இல்லை. அவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. அப்பா உறையைப் பிரிக்காமலே வைத்திருந்து, அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

போன வாரம், இப்போதுதான் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் மகள் பலகையின் கீழே நின்று, "மா-டி-யில்... நின்-றால்..." என்று முழுதும் வாசித்துவிட்டுத் துள்ளினாள்.

"அம்மா, எந்த பில்டிங் மாடி? நாமளும் போய்ப் பாக்கலாமா?"

"கடல் அங்கேயேதான் இருக்குடி" என்றேன். "மாடிதான் இல்ல."