துரையின் பெயரில் வந்த கடிதம்

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்ச காலத்தில், நானுஓயாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைக் கம்பனியின் வட்டார அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். ஹட்டனில் ஒரு கோர்ஸ் முடித்திருந்தேன். மற்றதெல்லாம் அங்கேயே தட்டித் தடவிக் கற்றதுதான். சுற்றியிருந்த தோட்டங்களுக்கு ஈமெயில் எங்களிடமிருந்துதான் போகும். எந்தத் தோட்டத்திலும் டெலிபோன் லைன் ஒன்றுதான். ஈமெயில் ஓடுகிற நேரத்தில் யாரும் பேச முடியாது.

ஒரு நாள் காலை, வட்டாரப் பொறுப்பிலிருந்த மேனேஜர், எங்கள் வழக்கில் துரை, தனக்கு ஈமெயிலில் இணைப்போடு வந்த ஒரு கடிதத்தைத் திறந்தார். கொழும்பில் அவருக்குத் தெரிந்த ஒருவர் பெயரில் வந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டார். ஆனால் கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடத்தின் விளக்கு நிற்காமல் துடித்தது. நாங்கள் எதையும் அனுப்பவில்லை, ஏதோ போய்க்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிப்போய் சுவரிலிருந்த டெலிபோன் வயரைப் பிடுங்கினேன்.

"ஏன் கழட்டினீங்க?" என்றார் துரை. அவர் சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"சேர், நீங்க தொறந்தது வைரஸ். உங்க பேர்ல எல்லாத் தோட்டத்துக்கும் போயிருச்சு. அவங்க தொறந்தா அங்கேயிருந்தும் போகும்."

அவர் முகம் சிவந்தது. "யாருக்கும் சொல்ல வேணாம். முதல்ல நம்ம மெசினப் பாருங்க. ஹெட் ஆபீஸ் கேட்டா நான் பேசிக்கிறேன்."

துரை சொன்ன சொல்லுக்கு மறுசொல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. டயகமப் பக்கத்தில் என் அம்மாவும் அப்பாவும் துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே ரோட்டை விட்டு இறங்கி நின்றவர்கள். ஆனாலும் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"இப்பவே சொல்லலைன்னா சாயந்தரத்துக்குள்ள எல்லா ஆபீசும் படுத்துரும் சேர். அப்ப எல்லாரும் உங்க பேரத்தான் சொல்லுவாங்க. நாமளே முந்திக்கிட்டா கொஞ்சத்தையாச்சும் காப்பாத்தலாம்."

தலைமைக் கிளாக்கர் கதவருகே நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். "பிள்ளை சொல்லுறது சரி சேர்," என்றார். "இது மறைக்கக்கூடிய விசயமில்லை."

துரை டெலிபோனை எங்கள் பக்கம் தள்ளினார். "பேசுங்க."

அந்த வயரை டெலிபோனில் சொருகி, தோட்டம் தோட்டமாக மாறி மாறிப் பேசினோம். வைரஸ் என்றதும் ஒரு தோட்டத்தில், "துரைக்குக் காய்ச்சலா? டொக்டர் வந்தாரா?" என்று பதறினார்கள். கிளாக்கர் சிரிக்காமல் பதில் சொன்னார்: "காய்ச்சல் துரைக்கு இல்லை, கம்ப்யூட்டருக்கு. அந்தக் கடிதத்தைத் திறந்தால் உங்கட மெசினுக்கும் தொத்தும். தொடாதேங்கோ."

எங்களுக்கு அடுத்த மலையிலிருந்த தோட்டம் மட்டும் கிடைக்கவில்லை. எப்போது அடித்தாலும் எங்கேஜ். "ஆரோ நெடுகக் கதைச்சுக்கொண்டிருக்கினம்," என்றார் கிளாக்கர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே யாரும் பேசவில்லை. லைனில் ஈமெயில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களிடமிருந்து போனது இப்போது அங்கிருந்து வெளியே போகிறது.

துரை ஜீப்பைக் கொடுத்தார். மழையில் ரோட்டெல்லாம் சேறு. போய் இறங்கியதும் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஆபீசுக்குள் நுழைந்து வயரைப் பிடுங்கினேன். அங்கிருந்த கிளாக்கர் என் வயதுக்காரர்தான், எங்களைப் போலத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். துள்ளி எழுந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப் போனது. "துரைகிட்டயிருந்துதாங்க வந்துச்சு. துரை அனுப்புன கடுதாசியத் தொறக்காம இருக்க முடியுங்களா?"

அந்த வைரஸை எழுதி அனுப்பியவன் எந்த நாட்டில் இருந்தானோ, எங்கள் மலையைப் பார்த்தே இருக்க மாட்டான். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாங்கள் பழகிய பயம் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

அந்தத் தோட்டத்துக் கம்ப்யூட்டரில் இருந்த கணக்குகளில் பெரும்பாலானவை அழிந்துபோயின. தாளில் இருந்த நகல்களைப் பார்த்து நானும் அவரும் திரும்ப அடித்தோம். மற்றத் தோட்டங்கள் தப்பின. துரை அன்றே ஹெட் ஆபீசைக் கூப்பிட்டு, "திறந்தது நான்தான்," என்று சொன்னார். பேசி முடித்து வெளியே வந்து என்னிடம் கேட்டார்: "இனி வராம இருக்க என்ன செய்யலாம்?"

"வராம இருக்காது சேர். வந்தா என்ன செய்றதுன்னு இப்பவே முடிவு பண்ணி வைக்கணும்."

முதலில் வயரைக் கழற்ற வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். முக்கியமானவற்றின் பிரதி ஆபீசுக்கு வெளியே ஓர் இடத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் எல்லோரும் தலையாட்டினார்கள். மூன்றாவதாகச் சொன்னதுதான் சிக்கல்: துரை பெயரில் இணைப்போடு எந்தக் கடிதம் வந்தாலும், திறக்குமுன் துரையையே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். துரை சம்மதித்துவிட்டார். கிளாக்கர்மார்தான் சம்மதிக்கவில்லை. துரையைப் போய்க் கேள்வி கேட்பதா!

யாராவது கேட்கிறார்களா என்று பார்க்க, துரையிடம் சொல்லிவிட்டு, அவர் பெயரில் மாதம் ஒரு பொய்க் கடிதம் அனுப்பினேன். எல்லோரும் திறந்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போய் விளக்கினேன். அடுத்த மாதமும் திறந்தார்கள்.

"விடு பிள்ளை, இவையள் கேக்க மாட்டினம்," என்றார் தலைமைக் கிளாக்கர்.

"கேக்குற வரைக்கும் அனுப்புவேங்க ஐயா."

மழை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம் டெலிபோன் அடித்தது. அடுத்த மலைத் தோட்டத்துக் கிளாக்கர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "துரைகிட்ட ஒண்ணு கேக்கணுங்க. கோவிச்சுக்க மாட்டாருல்ல?"

அன்று நான் எதையும் அனுப்பியிருக்கவில்லை. துரையிடம் போனைக் கொடுத்தேன்.

"ஆமா, அது நான்தான் அனுப்பினேன்," என்றார் துரை. கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இல்ல இல்ல, கோபம் இல்ல. கேட்டது நல்லது. நாளைக்கும் கேளுங்க."

அந்தச் செய்தி மலை மலையாகப் பரவியது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினார்கள். நிம்மதியாகச் சோறு தின்ன விடுகிறார்களில்லை என்று துரை அவ்வப்போது முணுமுணுப்பார். ஆனாலும் பாதிச் சோற்றில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு போனை எடுப்பார்.