ஒட்டிய பல்லை அறுக்கச் சேலம் போனேன்

தாடை எலும்பில் இம்ப்ளான்ட் என்ற ஆணியை இறக்கி, அதன்மேல் கட்டிய கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துவிட்டது. அதனால்தான் போன வாரம் திருச்செங்கோட்டிலிருந்து சேலத்துக்கு இந்தப் பயணம். பல் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கோபம் இன்னும் ஆறவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 7.10க்கு பஸ். சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய். ஆட்டையாம்பட்டியில் கை முறுக்கு விற்பவர் ஏறினார். என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் வாங்கி என் காதருகிலேயே நொறுக்கிக்கொண்டு வந்தார். எனக்கோ கன்னம் வீங்கி, தண்ணீர் குடிக்கவே வலி.

8.40க்குப் புது பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். புதிதாகப் பார்க்கப்போன டாக்டரம்மா எக்ஸ்ரேவைக் காட்டினார்.

"பல்லை சிமெண்ட் வெச்சு ஒட்டியிருக்காங்க. மிச்ச சிமெண்ட் ஈறுக்குள்ள எறங்கி, எலும்பு கரைய ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா இம்ப்ளான்டே போயிடும்மா."

"கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்ட முடியாதுங்களா?"

"அறுத்துத்தான் எடுக்கணும். ஸ்குரூ போட்ட பல்லுன்னா தொறந்து சுத்தம் பண்ணித் திரும்ப மாட்டியிருக்கலாம்."

போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு மெக்கானிக்கான இவர் குதித்தார். "கழட்ட வேண்டிய சாமானை எவனாச்சும் ஒட்டுவானுங்களா? எங்க வண்டில அத்தனையும் போல்ட்டுங்க!"

எனக்கு வந்ததே ஆத்திரம். இரண்டு வருடம் முன்பு பல் கட்டிய டாக்டர், "ஸ்குரூ போட்டா மேல ஒரு ஓட்டை இருக்கும், அதை அடைச்சுடுவோம். ஒட்டினா ஓட்டை இருக்காது. எது வேணும்?" என்று கேட்டார். என்னையா கேட்டார்? இவரை! நான் வாயைப் பிளந்துகொண்டு நாற்காலியில் கிடந்தேன். "ஓட்டை எதுக்குங்க, ஒட்டியுட்ருங்க" என்று சொன்னவர் இதே போல்ட்டுக்காரர்தான். கடைவாய் ஓட்டையை எந்த மகராசன் எட்டிப் பார்க்கப் போகிறான்? ஒட்டினால் பிறகு எடுப்பது கஷ்டம் என்று அந்த டாக்டரும் மூச்சு விடவில்லை.

பல்லை அறுத்து, ஈறைச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆனது. இம்ப்ளான்ட் தங்குமா என்று ஆறு வாரம் கழித்துத்தான் தெரியும். "தங்குச்சுன்னா புதுப் பல்லு எப்படிப் போடலாம்?" என்று கேட்ட டாக்டரம்மாவும் இவரைத்தான் பார்த்தார். இவரும் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"நீங்க சும்மா இருங்க. இது என்ற வாயி. ஸ்குரூவே போடுங்க டாக்டர்."

எல்லாருக்கும் ஸ்குரூதான் சரி என்று சொல்ல மாட்டேன். அது தளர்ந்தால் போய் முறுக்கிவர வேண்டும். முன்பல்லில் இம்ப்ளான்ட் சாய்ந்திருந்தால் ஓட்டை வெளியே தெரியுமாம், அப்போது ஒட்டுவதே மேல் என்றார் டாக்டரம்மா. ஆனால் நாற்காலியில் சாய்வதற்கு முன்பே, "கெட்டுப்போனால் எப்படித் திறப்பீர்கள்?" என்று நீங்களே கேளுங்கள்.

திரும்பும்போது ஆட்டையாம்பட்டியில் மறுபடி முறுக்கு ஏறியது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இரண்டு பொட்டலம் வாங்கிப் பைக்குள் வைத்தேன். இம்ப்ளான்ட் தங்கிப் புதுப் பல் வரும்வரை வீட்டில் யாருக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.