மனுதாரர் காலமானார்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குச் செல்வி போன் செய்தார். "அண்ணே, அக்கா பூட்டாங்க" என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் மொட்டையாக அக்கா என்றால் அது அமலோற்பவம் அவர்கள்தான். விடியும்போது மார்வலி என்று ஆட்டோவில் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனை வைத்ததும் நான் செய்த முதல் காரியத்தை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நான் அழவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அக்கா பதினோரு வருடமாகக் காத்துக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை அது. அவர் குடியிருந்த சந்தின் கடைசியில் உள்ள மதில் சுவருக்கு முன்னால், இரண்டு அரசாங்கங்களின் அதிகாரிகள் அன்றுதான் ஒன்றாக வந்து நிற்பதாக இருந்தது. மூன்று நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று அவர் மேல் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது.

அமலோற்பவம் அவர்கள் ராயபுரத்தில் பிறந்தவர். ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, திருவொற்றியூர் பக்கம் தம்பி மகன் அந்தோணியின் வீட்டோடு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஊர் பேர் இல்லாத மூட்டைய பார்சல் ஆபீஸ்ல நெறைய பாத்துட்டேன் நைனா. வூட்டாண்ட வேற ஒண்ணு எதுக்கு?" என்றார். நானோ மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உதவியாளர். அதாவது, அவர் மனுவை நீட்டிய ஜன்னலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

அவர் சந்தில் மழைநீர் வடிகால் இருக்கிறது. கான்கிரீட் போட்டு, மூடி போட்டு, நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் அது நேரே போய் ஒரு மதில் சுவரில் முட்டி நின்றுவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் மத்திய அரசுத் துறை ஒன்றின் காலி இடம். நாற்பது அடி தாண்டினால் கால்வாய். அந்த நாற்பது அடியை யார் தோண்டுவது என்பதுதான் கேள்வி. எங்கள் இடத்தில் நீங்கள் எப்படித் தோண்டலாம் என்று அவர்கள் எழுதினார்கள். உங்கள் இடத்தில் நாங்கள் ஏன் தோண்ட வேண்டும் என்று நாங்கள் எழுதினோம். இரண்டு கடிதத்தையும் கோப்பில் சேர்த்தவன் நான்தான். மழை மட்டும் யாரையும் கேட்காமல் வருடா வருடம் வந்துகொண்டிருந்தது.

முதல்முறை வந்தபோது மனுவை மூன்று பிரதியாகக் கொண்டுவந்தார். "ஒண்ணு உனுக்கு, ஒண்ணு உன் மேல கீறவருக்கு. மூணாவதுல சீல் குத்தி என் கைல குடு" என்றார். சீல் வைக்கிறவர் லீவு என்றேன். "சீலு லீவு இல்லல்ல? நீ குத்து." குத்தினேன். மூன்று வாரம் கழித்து வழக்கமான பதிலை அனுப்பினேன்: 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது.' ஒரு நாளைக்கு எத்தனையோ மனுக்களுக்கு அந்த ஒரே வரியைத்தான் எழுதுவேன். மறுநாளே அந்தக் கடிதத்தோடு ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

"சாரு, யாரு எடுத்தாங்க? எங்க எடுத்தாங்க? நான் டெய்லி செவுத்தாண்டதான் குந்திகினு கீறேன். ஒரு நாயி அந்தாண்ட வர்ல."

உங்கள் மனுவை மேலே அனுப்பிவிட்டோம் என்று அர்த்தம் அம்மா, என்றேன்.

"அப்ப அனுப்பிட்டோம்னு எழுது. மூட்டைய வண்டில ஏத்தும்போதே போய்ச் சேந்துச்சுன்னு எழுதுனா, எங்க ஆபீஸ்ல சஸ்பெண்ட் பண்ணுவாங்க."

அன்றிலிருந்து அவருக்கு மட்டும் 'அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதினேன். என்னால் முடிந்த நேர்மை அவ்வளவுதான்.

தேர்தல் வந்தால் அவர் சந்தில் நடக்கும் கூத்தைப் பார்க்கவேண்டும். மற்ற தெருக்களில் வேட்பாளரின் ஜீப் நுழையும்போதே பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்பார்கள். இங்கே அக்கா எல்லோருக்கும் முன்னால் நிற்பார். "ஆரத்தி அப்பால. மொதல்ல செவுத்தாண்ட வா" என்று, மாலையும் சால்வையுமாக இருக்கிற மனிதரைக் கடைசிவரை நடத்திக் கூட்டிப்போவார். நாடாளுமன்றத்துக்கு நின்ற ஒருவர், டெல்லியில் பேசி ஒரே மாதத்தில் முடிக்கிறேன் என்று சுவரைத் தொட்டே சொன்னார். ஜெயித்த பிறகு, மாநில அரசு ஒத்துழைக்கவில்லை என்றார். சட்டமன்றத்துக்கு நின்றவரும் அதே சுவரைத் தொட்டார். அவர் ஜெயித்த பிறகு, டெல்லி நம்மை மதிப்பதில்லை என்றார். கவுன்சிலர், "என் கைல இன்னாக்கா கீது?" என்று கையை விரித்துக் காட்டினார்.

அக்கா சொன்னது அப்படியே ஞாபகத்தில் இருக்கிறது. "டெல்லிக்காரன் இவன கை காட்றான், இவன் டெல்லிக்காரன கை காட்றான். தண்ணிக்கு மட்டும்தான் அட்ரஸ் கரீக்டா தெரிஞ்சிகீது. நேரா எங்க வூட்டுக்கு வருது." இவ்வளவு பேசினாலும் எந்தத் தேர்தலிலும் அவர் ஓட்டுப் போடாமல் இருந்ததில்லை. "போடாம வுட்டா அப்பால கேக்கசொல்ல வாய் வராது" என்பார்.

ஒருவழியாக மேலதிகாரி ஒருவர் கூட்டு ஆய்வுக்கு உத்தரவு போட்டார். இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே நேரத்தில் சுவரருகே வந்து, அளந்து, இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அது இருந்தால்தான் சுவரை உடைக்கும் வேலையே தொடங்கும். நாளும் குறித்தாகிவிட்டது. எங்கள் பொறியாளருக்கு அந்தக் கடிதத்தை அனுப்பவேண்டியது என் வேலை. அந்த வாரம் பெரிய தலைவர் ஒருவர் எங்கள் பகுதிக்கு வருவதாக இருந்தது. சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர், தோரணம் என்று அலுவலகமே தலைகீழாகக் கிடந்தது. கடிதத்தை வேறு பிரிவின் தட்டில் போட்டுவிட்டேன். மத்தியத் துறை அதிகாரி பதினொரு மணிக்குச் சரியாக வந்தார். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பொறியாளர் கடிதத்தைப் பார்த்தபோது மாலை நான்கு மணி. அக்கா பத்து மணியிலிருந்தே வெயிலில் நின்றிருக்கிறார்.

மறுநாள் என் ஜன்னலுக்கு வந்தார். "அந்த இன்ஜினீரு வேணும்னே வர்ல சாரு. யாரோ சொல்லி வெச்சிகீறாங்க" என்றார். நான் தலையைத் தூக்காமல், இருக்கலாம் அம்மா, என்றேன். கொஞ்ச நாளில் அந்த மத்தியத் துறை அதிகாரிக்கு மாற்றலாகிவிட்டது. இரண்டு பக்கமும் கோப்பு தூங்கிப்போனது.

அதற்கு இரண்டு வருடம் கழித்துப் பெய்த மழையை எங்கள் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். சுவரில் முட்டிய தண்ணீர் திரும்பிச் சந்துக்குள் ஏறியது. அது வெறும் மழைத் தண்ணீரும் அல்ல, ஊர்ச் சாக்கடை அத்தனையும் அதில்தான் இருந்தது. சுவரை ஒட்டிய கடைசி வீடு, எனக்குப் போன் செய்த செல்வியுடையது. அவர் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் செங்கல்லையும் தாண்டி மெத்தையைத் தொட்டுவிட்டது. அக்காதான் அந்தோணியையும் இன்னும் நாலு பேரையும் சத்தம்போட்டுக் கூப்பிட்டு, வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவரைப் படுக்கவைத்து, மாதா கோயில் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போக வைத்தார். வழியில் ஒருமுறை கதவு சாய்ந்து அந்தத் தண்ணீர் அவர் மூக்குவரை போயிருக்கிறது. பிழைத்தார். ஆனால் அதன்பிறகு வானம் இருண்டாலே வலது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வார்.

அக்காவைக் கோபக்காரர் என்று எல்லோரும் சொல்வார்கள். பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத் தெரியும், அவர் பயந்துபோயிருந்தார். ஐப்பசி பிறந்தால் சரியாகச் சாப்பிடமாட்டார். என் அலுவலக போனுக்கே கூப்பிட்டு, "நைனா, கடலாண்ட கருத்துகினு வருது. ரேடியோல இன்னா சொல்றான்?" என்று கேட்பார். சாருவாக இருந்த நான் நைனாவாக மாறியதும் அந்த நாட்களில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் நான் ஓய்வுபெற்றேன். மாலை போட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள் காலை, அக்கா என் வாசலில் நின்றார். "இனிமே உனுக்கு மேல யாரும் இல்லல்ல? குந்து, எழுது" என்றார். எழுதினோம். தகவல் அறியும் உரிமை மனு, மேல்முறையீடு, நினைவூட்டல் என்று மூன்று வருடம் எழுதினோம். போன மாதம்தான் கடிதம் வந்தது: வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, மனுதாரர் முன்னிலையில், கூட்டு ஆய்வு. நாலு தடவை படித்துவிட்டு, "இதுல எங்கனா ஓட்ட கீதா பாரு நைனா" என்று என்னிடம் நீட்டினார். இல்லை என்றேன்.

ஓட்டை இருந்தது. மனு கொடுத்தவர் இறந்துபோனால் அலுவலகத்தில் என்ன எழுதுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். 'மனுதாரர் காலமானார். மேல் நடவடிக்கை தேவையில்லை. கோப்பு முடிக்கப்படுகிறது.' எத்தனை பேருக்கு நானே எழுதியிருக்கிறேன். நிலுவையில் ஒன்று குறைந்தால் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிடும். செவ்வாய்க்கிழமை அந்தோணியைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபீஸ் ரோட்டில் மட்டும் ஒட்டவேண்டாம் என்றேன். "இன்னா சார் பேசுற? எங்க அத்த செத்தத மறைக்கச் சொல்றியா? அவங்க இன்னா திருடிட்டா பூட்டாங்க?" என்று கண் சிவக்கக் கேட்டார். கோப்பு விஷயத்தைச் சொன்னேன். "ஒட்றவங்களாண்ட சொல்லிடறேன்" என்றார். புதன்கிழமை கல்லறையில் சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். என் நினைப்பெல்லாம் ஊரில் உள்ள சுவர்களின் மேல் இருந்தது.

வியாழக்கிழமை காலை போய்ப் பார்த்தேன். ஒட்டுகிறவர்களுக்கு ஜனம் கூடுகிற இடம்தான் நல்ல இடம். மண்டல அலுவலகத்துக்கு நேர் எதிரே, டீக்கடைச் சுவரில், வேலையில் இருந்த காலத்துப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தார். இரவில்தான் ஒட்டியிருக்கவேண்டும், பசை இன்னும் காயவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் ஓரத்தில் நகத்தை விட்டேன். உரிந்து வந்தது. கன்னத்தருகே வந்தபோது முடியவில்லை. உள்ளங்கையால் திரும்ப அழுத்தி ஒட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் என் கை பிசுபிசுத்தது.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். மத்தியத் துறையிலிருந்து இளம் வயதுப் பெண் அதிகாரி ஒருவர். எங்கள் பக்கம் புதிதாக வந்த பொறியாளர். அவர் கோப்பைத் திறந்து, "மனுதாரர் அமலோற்பவம் யாருங்க?" என்றார். சந்தே என் முகத்தைப் பார்த்தது. அவங்க வரல சார், என்றேன்.

"இதே பேர நேத்து டீக்கடை போஸ்டர்ல பாத்தேனே. அவங்களா?"

கூட்டத்தில் பின்னால் நின்ற செல்வி முன்னால் வந்தார். இத்தனை வருடத்தில் ஒரு மனுவிலும் கையெழுத்துப் போடாதவர் அவர். கவுன்சிலர் ஆட்களிடம் அவருக்குப் பயம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவங்கதான் சார். செத்துட்டாங்க. தண்ணி சாவல சார். அது வரும்."

பொறியாளர் பேனாவைத் திறந்தார். முப்பது வருட உத்தியோகத்தில் எதிரே இருப்பவர் எழுதுவதைத் தலைகீழாகப் படிக்க எனக்குப் பழகிவிட்டது. 'மனுதாரர் காலமானார்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார். அடுத்த வரி எனக்குத் தெரியும்.

"சார், அந்த எடத்துல என் பேர எழுதுங்க" என்றேன்.

நான் யார் என்று கேட்டார். சொன்னேன். "நம்ம ஆபீஸ்ல இருந்துட்டு நீங்களே மனு போடறீங்களா?" என்று ஒரு மாதிரிப் பார்த்தார். ஆமாம் என்றேன். செல்வி, "என் பேரும் போடுங்க சார்" என்றார். பொறியாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் அதிகாரி தன் ஆளிடம் டேப்பைப் பிடிக்கச் சொல்லிவிட்டார். அளந்தார்கள். பொறியாளர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். அதிகாரிகள் இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள்.

கையெழுத்து விழுந்துவிட்டது, சுவர் நிற்கிறது. இனி மதிப்பீடு, மேலிட ஒப்புதல், டெண்டர். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது என்று நேற்று செய்தியில் சொன்னார்கள். இதை எழுதும்போது வெளியே காற்று நின்றுபோயிருக்கிறது.

அக்கா, இதை உங்களிடம் நேரில் சொல்லியிருக்கவேண்டும். அன்று அந்தப் பொறியாளர் வேண்டுமென்று வராமல் இருக்கவில்லை. யாரும் சொல்லி வைக்கவில்லை. கடிதத்தைத் தவறான தட்டில் போட்டவன் நான். நீங்கள் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே இத்தனை வருடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். இந்த வெள்ளிக்கிழமை நல்லபடியாக முடிந்ததும் சொல்லி, உங்களிடம் வாங்கவேண்டிய வசவையெல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். என்னை மன்னியுங்கள் என்று இப்போது கேட்பது சுலபம். அதனால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இன்று காலை செல்வி வீட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னும் இரண்டு வரிசை செங்கல் வைத்தோம். அந்தோணி ஒரு பக்கம் தூக்கினார், நான் ஒரு பக்கம். நீங்கள் போனதைச் செல்வி அவர் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. புதன்கிழமை பேண்டு சத்தம் கேட்டபோது, பக்கத்துச் சந்தில் யாரோ பெரியவர் என்று சொல்லி வைத்திருக்கிறார். கட்டிலை இறக்கி வைத்ததும் அதில் படுத்திருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாக்கு குழற, "தண்ணி வந்தா அக்கா வருவாங்கல்ல?" என்று கேட்டார்.

"நான் வருவேன்" என்றேன்.

அவர் கையை விடவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். போய் வாருங்கள், அக்கா.