'நீடிக்கமாட்டார்' என்று எழுதியவன்

ஒரே ஒரு வரியால் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன் நான். 'இவர் நீடிக்கமாட்டார்' என்பதுதான் அந்த வரி. அதை எழுத நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை!

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஹட்டனில் ஒரு வங்கிக் கிளைக்கு நான் முகாமையாளர். யாழ்ப்பாணத்திலிருந்து போனவன். ஆளைப் பார்த்தவுடனே எடைபோட்டுவிடுவேன் என்ற கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

தலைமையகத்திலிருந்து ஓர் இரகசியப் படிவம் வந்தது. ஒவ்வோர் ஊழியரின் வயது, திருமணம், சொந்த ஊர்... கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: 'தொடர்ந்து நீடிப்பாரா?' முகாமையாளரே நிரப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் கொழும்புப் பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் ஆள் எடுப்பார்கள்.

எங்கள் கிளைக்கு ஓர் இடம். அதற்குத் தகுதியோடு இருந்தவர்கள் இருவர். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பொன்றிலிருந்து பஸ் ஏறி வரும் செல்வராணி; என் ஊர்க்காரன் ரகு.

கொழுந்து பறிக்கும் பெண்கள் வங்கிக்கு வந்தால் செல்வராணியைத்தான் தேடுவார்கள். மதியச் சோறு ஆறிப்போனாலும் அவர்களுடைய படிவங்களை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் எழுவாள். வேலையில் அத்தனை பிடிப்புள்ள இன்னொருவரை நான் கண்டதில்லை. கண்டும் என்ன எழுதினேன் தெரியுமா? 'இருபத்து நான்கு வயது. மணமாகாதவர். தோட்டத்தவர். திருமணமானதும் விலகிவிடுவார். நீடிக்கமாட்டார்.'

ரகுவுக்கு 'நீடிப்பார்' என்று எழுதினேன். எதை வைத்து? அவனுடைய தகப்பனை எனக்குத் தெரியும்... அவ்வளவுதான்!

படிவம் என் மேசை லாச்சியில் கிடக்கும்போதே, அன்று பின்னேரம் அவள் வந்து நின்றாள்.

"சார், மாப்புள்ள ஒன்னு வந்திருக்குங்க. அவங்க வேலைக்கு விடமாட்டாங்களாம். புரமோஷன் கெடைச்சா கல்யாணப் பேச்ச விட்டுர்றேன்னு அப்பா சொல்லியிருக்காருங்க. மேலிடத்துக்கு என்னப் பத்தி கொஞ்சம் நல்லா எழுதுங்க சார்."

"நல்லாத்தான் எழுதியிருக்கிறன் பிள்ளை" என்றேன்.

பொய்! லாச்சியைத் திறந்து அதைக் கிழிக்க ஒரு நிமிடம் போதாதா? நான் ஏன் கிழிக்கவில்லை? எழுதியதை மாற்றினால் என் கணிப்பு பிழை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்... அந்த அற்பக் கௌரவத்துக்காக மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

ரகுவுக்கு இடம் கிடைத்தது. பயிற்சி முடித்து ஒரு வருடம் ஆவதற்குள் வேலையை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான். செல்வராணியோ அதற்கு முன்பே, தை மாதத்தில், கல்யாணப் பத்திரிகையோடும் விலகல் கடிதத்தோடும் வந்துவிட்டாள். அழுத கண்கள்.

"நீங்க நல்லாத்தான் எழுதினீங்க சார். என் தலையெழுத்து அவ்வளவுதாங்க."

விலகல் கடிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டேன். திருமணமாகி விலகுவார் என்றேன், அப்படியே விலகினாள். என் வாக்கு பலித்ததா, நான் பலிக்க வைத்தேனா... நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த மாதம் ஒரு கொழுந்துக்காரப் பெண் நிரப்பாத படிவத்தோடு என் அறை வாசலில் நின்றாள்.

"அந்தப் புள்ள எங்கங்க ஐயா?"

"கலியாணம் கட்டிப் போட்டா" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகும், பழைய ஆட்கள் யார் கேட்டாலும் இதே பதில்தான். இன்று உங்களிடம்தான் மாற்றிச் சொல்கிறேன். சொல்லவேண்டியது அவளிடம்... அந்தப் பத்திரிகையில் அவளுடைய புகுந்த வீட்டு முகவரி இருக்கிறது. நான் இன்னும் எழுதவில்லை.