முந்திக் கேட்டவர்

பிரிட்ஜ் மெக்கானிக்குக்கு 'இல்லை' என்று சொல்ல மட்டும் வராது. மற்றபடி வாய்க்குக் குறைச்சல் கிடையாது. கம்ப்ரசர் போன பிரிட்ஜைப் பார்த்து, "இதுல இனிமே துணி அடுக்கி வைங்க" என்று வீட்டுக்காரியிடமே சொல்லக்கூடிய ஆள். ஆனால் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால் போதும், மனுஷன் கரைந்துவிடுவார்.

ஊரில் இருந்த பெரிய ஆலையை மூடிய வருஷம் அது. புதிதாக யாரும் எதுவும் வாங்கவில்லை. பழையதையே தட்டிக்கொட்டி ஓட்டினார்கள். அதனால் அவருக்கு மட்டும் வேலை கொட்டியது. ஊரே முடங்கிக் கிடக்கும்போது ஒருத்தர் மட்டும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கண்ணில் படாமலா இருக்கும்? பக்கத்து வீட்டுக்காரர், தையல்காரர், தூரத்து உறவு, அந்த உறவுக்கு உறவு என்று ஆளாளுக்குக் கைமாற்று வாங்கிப் போனார்கள். போனது போனதுதான். வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டக் காசில்லை. ஒருநாள் வங்கியிலிருந்து வந்து வாசற்கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி அழவில்லை. ஈரத்துணியால் அந்த நோட்டீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"உங்களுக்கு இல்லைன்னு சொல்ல வராது. சரி, விடுங்க. கேக்கத் தெரியுமில்ல?"

"யாருகிட்ட?"

"எல்லார்கிட்டயும்தான். அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நீங்க கடன் கேட்டுடுங்க. அப்புறம் ஒருத்தன் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கறானா பாப்போம்."

சும்மா சொல்லக் கூடாது, பலே யோசனை. எதிரே யாராவது வந்தால் இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஒரு சின்ன விஷயம்..." என்று இழுப்பார். கடன் கேட்க வந்தவர் அப்படியே பின்வாங்கிப் பேருந்தைப் பிடிக்க ஓடுவார். சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் அதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். யாரும் ஒரு பைசா தரவில்லை, யாரும் ஒரு பைசா கேட்கவும் இல்லை. தவணை ஒழுங்காகப் போயிற்று.

தந்தது ஒரே ஒருத்தன். ஆலையில் வேலை போய், கிடைத்த இடத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சொந்தத் தம்பி. கேட்கும்போதெல்லாம் ஏனென்று கேட்காமல் தந்தான்.

"தம்பிகிட்டயாவது உண்மையைச் சொல்லிடுங்க, பாவம்" என்றாள் மனைவி.

"அவன் ஓட்டை வாய். நாளைக்கே ஊர் பூரா தெரிஞ்சிடும். கடன் முடியட்டும், மொத்தமா கையில குடுத்துடலாம்."

தம்பி தந்ததைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு மனைவி நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கேட்காமலேயே தம்பி ஒரு பெரிய தொகையைக் கொண்டுவந்து தந்தான். வேண்டாமென்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! அதையும் வாங்கிச் சுற்றி வைத்தார். அவள் பிழைக்கவில்லை.

சாவுக்கு எல்லாரும் வந்தார்கள். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. இவர் கும்பிட்டபடி கிட்டே போனால் ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், இன்னொருத்தருக்கு போன் வந்தது. அதன்பின் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்த தம்பியும் நின்றுவிட்டான். கடன் முடிந்து வீட்டுப் பத்திரம் கைக்கு வந்தது. யாரிடம் காட்டுவது? இரண்டு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

வேலைக்குப் போகிற வீடுகளில், ரிப்பேர் முடிந்த பிறகும், "குளிர் ஏறுதான்னு பாத்துட்டுப் போறேன்" என்று சமையலறையிலேயே உட்காருவார். யாராவது பேசும் சத்தம் காதில் விழுமே என்றுதான். இவர் சங்கதி தெரிந்த வீட்டுக்காரிகளோ கூலியை அவசர அவசரமாகக் கையில் திணித்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொள்வார்கள். என்ன பிழைப்பு இது!

ஒருநாள் பழைய சாமான் கடையில் ஒரு பிரிட்ஜைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கைப்பிடிக்குப் பதிலாக அலமாரிக் கைப்பிடியை வைத்து முடுக்கியிருந்தது. அவரே முடுக்கியது. தம்பி வீட்டு பிரிட்ஜ்.

"வாடகை பாக்கியாம். கட்டிலைப் பாக்க நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் வீட்டுக்கு ஓடினார். அலமாரியில் இருந்ததோடு தன் சேமிப்பையும் சேர்த்துப் பையில் போட்டுக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். வாசலில் தம்பியின் செருப்பு கிடந்தது.

தம்பி மனைவி கதவைப் பாதி திறந்தாள். "அவர் வீட்ல இல்லையே மாமா."

"ஒரு சின்ன விஷயம்மா..." பழக்கதோஷம், வந்துவிட்டது.

அவள் உள்ளே போனாள். தம்பியின் குரல் தெளிவாகக் கேட்டது. "இருக்கறதைக் குடுத்து அனுப்பு. அண்ணியும் இல்லாம என்ன சாப்பிடறாரோ. வெறுங்கையோட நான் எப்படி அவர் மூஞ்சில முழிக்கிறது?"

அவள் திரும்பி வந்து மடித்த இரண்டு நோட்டுகளை நீட்டினாள்.

"ஐயோ, வேண்டாம்மா! நான் கேக்க வரலை, குடுக்க வந்தேன்!" பையைத் திறந்து காட்டினார்.

வீட்டில் இல்லாத தம்பி வெளியே வந்தான். "ஏதுண்ணே இவ்வளவு?"

அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நோட்டீஸை, மனைவி சொன்ன யோசனையை, ஊர் ஓடிய ஓட்டத்தை. எத்தனையோ நாளைக்குப் பிறகு இவர் பேசுவதை ஒருத்தர் உட்கார்ந்து கேட்டார். சந்தோஷமாக இருந்தது. தம்பி இப்போது சிரிப்பான் என்றுகூட நினைத்தார்.

"இதுல பாதி நீ குடுத்ததுடா. ஒரு நோட்டைக்கூட தொடலை."

"அண்ணி ஆஸ்பத்திரியில இருந்தப்ப குடுத்தேனே?"

"அதுவும்தான். அப்படியே இருக்கு."

தம்பி பையைப் பார்த்தான். "அது பெரியவளுக்குக் காலேஜ்ல கட்ட வெச்சிருந்ததுண்ணே. அந்த வருஷம் அவளை நிறுத்திட்டோம். இப்ப துணிக்கடையில நிக்கிறா." அந்தத் துணிச் சுற்றைத் தொட்டுப் பார்த்தான். "தொடவே இல்லையாண்ணே?"

  பை நடுவில் கிடந்தது. தம்பி எழுந்து உள்ளே போனான், அவன் மனைவியும் பின்னாலேயே போனாள். கதவை அவர்கள் சாத்தவில்லை. உள்ளே போக இவருக்குத்தான் கால் எழவில்லை.