வரிசை மாறிய பொத்தான்

எங்கள் அண்ணி பிடித்த முயலுக்கு மூன்றே கால். வாசலில் செருப்பு ஜோடி மாறிக் கிடந்தால் சோறு கிடையாது. கொடியில் துண்டு நுனி சேராமல் தொங்கினால் வீடே நடுங்கும். நான் நேருக்கு நேர் சண்டை போட்டுத் தோற்பேன். என் அண்ணன் சண்டையே போடாமல் தோற்பான்.

சீருடைகள் தைத்துத் தைத்து அலுத்துப்போயிருந்தவளுக்கு ஒரு நாடகக் குழுவில் உடை தைக்கும் வேலை வந்தது. சரியாக அமைந்தால் நிரந்தரம் என்றார் இயக்குநர். அண்ணிக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாடகம் வரப்போகும் காலத்துக் கதை. பேரதிபர் ஒருவர் ஆளும் ஊரில் எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை, ஒரே அளவு. ஒல்லியானவன் அதற்குள் தொலைந்துபோவான், குண்டானவன் பிதுங்குவான், வாயைத் திறந்தால் சிறை. எதிர்ப்பவர்களுக்குத் தலைவனே கிடையாது. அவரவர் சட்டையில் ஒரு சிவப்புப் பொத்தானை வரிசைக்கு வெளியே தைத்துக்கொள்வார்கள். அதுதான் அவர்கள் கொடி.

"தலைவன் இல்லன்னா அளவு யாருகிட்ட கேக்கறது?" என்றாள் அண்ணி.

"யாருகிட்டயும் கேக்க வேண்டாம்மா. தாறுமாறா இருந்தா போதும்" என்றார் இயக்குநர்.

நாய் வாலைக்கூட நிமிர்த்திவிடலாம், அண்ணிக்குத் தாறுமாறு வராது. தைப்பாள், பிரிப்பாள், பெருமூச்சு விடுவாள். கடைசியில் அட்டையில் அச்சு வெட்டி, சாக்கட்டியால் குறி போட்டு, எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் இம்மி பிசகாமல் தாறுமாறாகத் தைத்துவிட்டாள்!

ஒத்திகையில் கலகக்காரர்கள் வந்து நின்றதும் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா இது, இன்னொரு பட்டாளம் மாதிரி நிக்கறாங்க! நாளைக்குள்ள சரியாகலன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

வீட்டுக்கு வந்து அழுதாள். அவளோடு சண்டை போட எனக்கு உரிமை உண்டு, அந்த ஆளுக்கு என்ன?

மறுநாள் எல்லாப் பொத்தானையும் பிரித்தெடுத்தாள். நடிகர்கள் கையில் ஆளுக்கோர் ஊசியைக் கொடுத்தாள். "அவங்கவங்களே தைச்சுக்கங்க. நான் பாக்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். ஒருவர் தொப்பைமேல் தைத்தார். இன்னொருவர் தோளில். ஒரு புண்ணியவான் மடியில் வைத்துத் தைத்து, சட்டையைத் தன் கால்சட்டையோடு சேர்த்தே தைத்துவிட்டார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை அண்ணிக்குத்தான் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி நின்றான். சட்டைப் பைக்குக் கீழே ஒரு சிவப்புப் பொத்தான், நூல் தொங்க. அவனே தைத்தது.

"இன்னிலேர்ந்து இந்த வீட்லயும் தலைவர் கிடையாது" என்றான். குரல் மட்டும் நடுங்கியது.

அண்ணி கத்தரிக்கோலை எடுத்தாள். "சட்டையக் குடுங்க."

பெட்டிப் பாம்பாய்க் கழற்றிக் கொடுத்தான். நான் சண்டைக்குத் தயாரானேன். அவள் தொங்கிய நூலை நறுக்கினாள். பின்பக்கம் அழுத்தமாக இரண்டு தையல் போட்டாள். பொத்தானை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

"இனிமே விழாது, போட்டுக்கங்க" என்றாள். "செருப்ப மட்டும் ஜோடியா விடுங்க."