ஒன்பது மாதத்தானுக்கு ஒரு கூடை

பச்சைமுத்துவுக்குக் குழந்தைகள்மேல் கோபம் கிடையாது. பெற்றவர்கள்மேல்தான். தில்லியில் பன்னிரண்டு வருடமாகக் கைக்குழந்தைகளைப் படம் எடுக்கிறார். அதற்கு முன்னால் கல்யாண வீடியோக்காரருக்கு லைட் பிடித்தார். அதற்கும் முன்னால் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு சரி. ஆனாலும் பெரிய படிப்புப் படித்தவர்கள் மண்டையில் ஏறாத ஒன்று அவருக்குத் தெரியும்: பிறந்து பதினைந்து நாளைக்குள் பிள்ளை கூடையில் சுருண்டு தூங்கும். அப்புறம் காலை நீட்டிவிடும், அவ்வளவுதான். போனிலேயே சொல்லிவிடுவார். "அச்சா, அச்சா" என்பார்கள். மூன்று மாதம் கழித்துக் கூப்பிடுவார்கள்.

தில்லியின் துவாரகா பகுதியிலிருந்து கூப்பிட்ட மாதங்கி, "கூடை கொண்டு வாங்கோ" என்று மட்டும்தான் சொன்னாள். அது அவர் ஐ.என்.ஏ. மார்க்கெட் பழக்கடையில் வாங்கிய ஆரஞ்சுக் கூடை. உள்ளே வெள்ளை ரோமத்துணி விரித்ததும் அதைப் பார்த்து உருகாத தாய் இந்த ஊரில் இல்லை.

ஐந்தாவது மாடி. கதவுப் பலகையில் 'மாதங்கி, பி.டெக்.' என்றிருந்தது. கதவைத் திறந்தவள் இடுப்பில் ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். மொட்டைத்தலை, அதில் சந்தனம், கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு, வாயில் இரண்டு பல்.

"குழந்தை எங்கம்மா?"

"இவன்தான். பத்ரி. ஒம்போது மாசம்."

"இவனையா கூடையில போடணும்? சாவியைக் குடுத்தா ஸ்கூட்டர் ஓட்டுவான் போலிருக்கே!"

சோபாவிலிருந்து மாமனார் வேதாந்தம் செய்தித்தாளை மடித்தார்.

"முடி இறக்கற வரைக்கும் படம் எடுக்கப்படாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். ஆயுசுக்கு ஆகாது. போன வாரம் திருப்பதியில முடிச்சாச்சு. இப்போ மொட்டைதானே? பொறந்த கொழந்தையாட்டம்தான் இருக்கான். ஜல்தி எடுப்பா."

மத்திய சர்க்காரில் முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டிய மூளை. கடைசியில் அது கண்டுபிடித்தது இதைத்தான்.

பச்சைமுத்து ஹீட்டரைப் போட்டார். பயல் தூங்கட்டும் என்று செல்போனில் மழைச் சத்தம் வைத்தார். பத்ரியைத் துணியில் சுற்றினார். ஒரு கை வெளியே வந்தது. அதை உள்ளே தள்ளினால் இரண்டு கால் வந்தது. கூடையில் உட்கார வைத்ததும் பயல் விளிம்பைக் கடித்துப் பிரம்பைத் துப்பினான். நாற்பது நிமிடம் போயிற்று. தூக்கமாவது, மண்ணாவது.

வேதாந்தம் யாருடனோ போன் பேச பால்கனிக்குப் போனார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரியில ஒண்ணுகூடவா எடுக்கலை? எல்லார் கையிலயும்தான் போன் இருக்கு."

மாதங்கி பால்கனியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு எடுத்தேன். ரெண்டாம் நாள். என் கட்டைவிரல பிடிச்சுண்டு தூங்கினான். மறுநாள் மஞ்சக்காமாலைன்னு நீல லைட்டுக்கு அடியில கொண்டு போட்டுட்டா. படம் எடுத்ததாலதான்னு பயந்து நானே அழிச்சேன். இப்போ அவன் எப்படி இருந்தான்னு எனக்கு ஞாபகமே வரலை. அதான் கூடைல..."

பாதிப் பிள்ளைகளுக்கு வருகிற காமாலை. ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பச்சைமுத்துவுக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அவள்மேல் அல்ல. விழுங்கிக்கொண்டார்.

வேதாந்தம் திரும்பி வந்தார். "இன்னும் தூங்கலையா? அதனால என்ன, கம்ப்யூட்டர்ல கண்ணை மூடி விட்டுடேன். எங்க அபார்ட்மெண்ட் சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கேக்கறா."

"எத்தனை வீடு சார் அந்த குரூப்ல?"

"நானூறு இருக்கும்."

"நானூறு வீட்டுக் கண்ணு பட்டா ஆயுசுக்கு ஆகும். பெத்தவ பார்த்தாதான் ஆகாது. இல்ல சார்?"

"பேச்சை நிறுத்து. கண்ணை மூட முடியுமா, முடியாதா?"

"முடியும். எங்க ஊர்ப் பக்கம் கண்ணை மூடி வச்சு யாரைப் படம் எடுப்பாங்கன்னு தெரியுமா சார்? நாற்காலியில உட்கார வச்சு, மாலை போட்டு, தாடையைத் துணியால கட்டி..."

"வேண்டாம்!" என்றாள் மாதங்கி. ஓடி வந்து, சுற்றியிருந்த துணியைப் பரபரவென்று பிரித்து எறிந்தாள். பயல் கையும் காலும் ஒன்றாக விடுதலையாகி, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிக் கும்மாளம் போட்டான்.

 

"அண்ணா, இருந்த மாதிரி இனி வராது. இருக்கற மாதிரியே எடுங்கோ" என்றாள்.

பச்சைமுத்து காமிராவை எடுப்பதற்குள் அவளே தன் செல்போனைத் தூக்கிவிட்டாள். டிக். மாமனாரைப் பார்த்தாள். அவர் குழந்தையைப் பார்த்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையைத்தான் தின்றுகொண்டிருந்தது. மறுபடி டிக்.

பச்சைமுத்து முணுமுணுத்தபடி லைட்டைத் திருப்பி வைத்தார்.

"வெளிச்சத்துக்கு எதிரா நின்னு எடுத்தா மூஞ்சி கறுப்பாத்தான் விழும். இந்தப் பக்கம் வாம்மா. பி.டெக். படிச்சிருக்காங்களாம், இதுகூடத் தெரியலை."